தர்ஜினிக்குப் பின் யார்?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நம்மவர்கள் அளவுநாடாவுடன் புறப்பட்டுவிடுகிறார்கள். இன்னொரு நெட்டைப் பெண் கிடைத்தால் போதுமாம். இதைவிட அபத்தம் வேறில்லை.

புன்னாலைக்கட்டுவன் தந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர், வலைப்பந்து வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். 2018இல், 9 ஆண்டுகளின் பின், ஆசியக் கிண்ணம் இலங்கைக்குத் திரும்பியபோது அவர் அணியில் இருந்தார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்களைப் போட்டார். அத்தொடரில் வேறெவரும் அவ்வளவு போடவில்லை. உயரம் பிறப்பில் வந்தது. குறி தவறாமை பயிற்சியில் வந்தது. அளவுநாடாவுக்கு முன்னது மட்டுமே தெரியும்.

2023இல் கேப் டவுனிலும், 44 வயதில், அவரே ஆட வேண்டியிருந்தது. அவருக்கு அது பெருமை. வாரிசை வளர்க்காத நமக்கு வெட்கம். உயரே எறிந்தால் அவர் பிடித்துக்கொள்வார் என்று ஓர் அணியே பழகிப்போனது.

யாழ்ப்பாணத்தில் நாம் செய்வதென்ன? உயரமாக வளரும் பெண்பிள்ளையைக் கேலிசெய்து கூனவைக்கிறோம். சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் மைதானத்திலிருந்து ரியூசனுக்கு இழுத்துச் செல்கிறோம். பிறகு, அடுத்த தர்ஜினி எங்கே என்று கேட்கிறோம்.

அவள் எங்கும் போய்விடவில்லை, ஐயா. நம் வீட்டு மேசையில் குனிந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னேரத்தில் ஒரு மணிநேரமாவது அவளை விளையாட விடுங்கள்.