தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டோம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பணியில் இருந்த காலத்தில் என் வகுப்புப் பையனின் அம்மா ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். "தீராத தலைவலி டீச்சர். ராத்திரி தூக்கமே இல்ல. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது" என்றார். ஆஸ்பத்திரிக்கு நாலைந்து முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தலைவலி மாத்திரை, சத்து மாத்திரை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இப்படிப் பேசலாமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வாம்மா, சரியாயிடும்." மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

பத்து நாளில் அந்த அம்மா உயிரை மாய்த்துக்கொண்டார்.

மாத்திரை கொடுத்தவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டியது இரண்டே கேள்விகள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். "இந்த ரெண்டு வாரமா மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருக்கா? முன்ன பிடிச்ச வேலையில இப்ப நாட்டம் இல்லையா?" உலகம் முழுக்க மருத்துவர்கள் மனச்சோர்வைக் கண்டறிய முதலில் கேட்பது இவற்றைத்தான். ஆமாம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் வந்தது. மனநல மருத்துவர்கள் குறைவு, ஆகவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி கொடுப்போம் என்பதுதான் அடிப்படை யோசனை. நல்ல யோசனை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகாவது அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சட்டம் தெரிந்தவர் எத்தனை பேர்?

பயிற்சி என்றால் என்ன என்று எங்களைக் கேளுங்கள். காலையில் கையெழுத்து, திரையில் படம் காட்டி ஒரு பேச்சு, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். இப்படி எத்தனையோ பயிற்சிக்குப் போய் வந்தவன் நான். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறாது. ஆனால் ஆசிரியர் பயிற்சி படித்தபோது வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்து, தவற்றைக் குறித்துத் தருவார். பாடம் நடத்தக் கற்றது அப்படித்தான். மனநலப் பயிற்சியும் அப்படி நடக்க வேண்டும். செவிலியர் நோயாளியிடம் பேசும்போது அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட மனநல மருத்துவரைப் போனில் கேட்க வழி இருக்கட்டும். தேவையான மருந்து அந்த நிலையத்திலேயே இருக்கட்டும். இவை இல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுப் பயனில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அதே திண்ணையில் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்க எவ்வளவு நேரமாகும்? ஏற்கெனவே வேலைப்பளு உள்ளவர்கள் என்பது உண்மை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள்.

நம் பங்கும் உண்டு. மகளிர் குழுவிலும் பெற்றோர் கூட்டத்திலும் இதைப் பேசலாம். புத்தி சொல்லாமல் காது கொடுத்துக் கேட்கப் பழகலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டால் பாரம்தான் குறையும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், கூடவே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பையன் இன்று வேலைக்குப் போகிறான். எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். அவன் அம்மா என்னிடம் வந்து நின்றது அவனுக்குத் தெரியாது.