30 வயதில் லிவர்பூல்: வதாரு எண்டோவை ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

2023 ஆகஸ்டில் ஜப்பான் மிட்ஃபீல்டர் வதாரு எண்டோவை லிவர்பூல் வாங்கியபோது, பல ரசிகர்களின் முதல் ரியாக்‌ஷன் இதுதான்: "யாருப்பா இவர்?"

குழப்பத்துக்குக் காரணம் இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் மொய்செஸ் கைசெடோவுக்கு 11.1 கோடி பவுண்டு தர லிவர்பூல் தயாராக இருந்தது. அவர் செல்சிக்குப் போய்விட்டார். அடுத்து குறிவைத்த ரோமியோ லாவியாவும் அங்கேயே போனார். அதன்பிறகு வந்தவர்தான் எண்டோ. விலை சுமார் 1.6 கோடி பவுண்டு. கைசெடோவுக்குப் பேசிய தொகையில் ஏழில் ஒரு பங்கு!

வயதுதான் பிரச்னையா?

கைசெடோவுக்கு அப்போது 21 வயது, லாவியாவுக்கு 19. எண்டோவுக்கு 30. கிளப்புகள் ஒரு வீரரின் ஆட்டத்தை மட்டும் வாங்குவதில்லை; நாளை அவரை விற்றால் என்ன கிடைக்கும் என்றும் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில் 30 வயதுக்காரருக்கு மார்க் குறைவு.

ஆனால் ஜெர்மனியில் அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். எதிரணி வீரருடன் நேருக்கு நேர் மோதி பந்தை வெல்வதை 'டூயல்' என்பார்கள். 2020-21, 2021-22 என இரண்டு சீசன்களிலும் புண்டஸ்லிகாவில் அதிக டூயல்களை வென்றவர் ஸ்டுட்கார்ட் அணியின் எண்டோதான். 2022 மே 14, சீசனின் கடைசி நாளில், கூடுதல் நேரத்தில் கோல் அடித்து அணியை முதல் டிவிஷனில் தக்கவைத்தவரும் அவரே.

எண்ணிக்கையில் தெரியாதது

லிவர்பூலில் முதல் சீசனிலேயே லீக் கோப்பை கிடைத்தது. செல்சிக்கு எதிரான அந்த இறுதிப்போட்டியில் 120 நிமிடமும் களத்தில் நின்றார்.

2024-25 சீசனில் லிவர்பூல் பிரீமியர் லீக் சாம்பியன். அதில் எண்டோ ஆடியது 20 ஆட்டங்கள், பெரும்பாலும் கடைசி சில நிமிடங்கள் மட்டும். கோல் இல்லை, அசிஸ்ட்டும் இல்லை. இதை மட்டும் பார்த்தால் சுமாரான வீரர் என்று கடந்துபோய்விடுவீர்கள். ஆனால் அந்த நிமிடங்கள் எப்போது வந்தன என்று பாருங்கள்: அணி முன்னிலையில் இருக்கும்போது, அதைக் காப்பாற்ற. அவர் உள்ளே வந்தாலே 'மேட்ச் முடிஞ்சது' என்று ரசிகர்கள் நிம்மதியாகிறார்கள். அவருடைய செல்வாக்கு அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

ஜப்பானுக்கு என்ன கவலை?

எண்டோ தேசிய அணியின் கேப்டன். போட்டியை நடத்தும் நாடுகளைத் தவிர்த்து, 2026 உலகக் கோப்பைக்கு முதலில் தகுதிபெற்ற அணி ஜப்பான். ஜூனில் அந்தத் தொடர் தொடங்கும்போது அவருக்கு 33 வயது. கிளப்பில் பத்து நிமிடம் ஆடிப் பழகிய கால்கள், உலகக் கோப்பையில் 90 நிமிடம் தாங்குமா? பெரிய கிளப்பில் பெஞ்சில் இருப்பதற்கு அவர் கொடுக்கும் உண்மையான விலை இதுதான்.

அடுத்த முறை 85-வது நிமிடத்தில் எண்டோ உள்ளே வந்தால், பந்தைப் பார்க்காதீர்கள். டிஃபென்டர்களுக்கு முன்னால் இருக்கும் அந்தக் காலி இடத்தைப் பாருங்கள். அது எப்படி அடைபடுகிறது என்பது ஸ்கோர்கார்டில் வராது.