முதலில் நாள் குறியுங்கள், வசதிகள் பிறகு: பிக்புளூபட்டன் அடுத்த பதிப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

பிக்புளூபட்டனின் அடுத்த பெரிய பதிப்பில் என்னென்ன வேண்டும் என்று கேட்டால் யாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பள்ளி, கல்லூரிகளுக்காக இந்தக் கட்டற்ற இணைய வகுப்பு மென்பொருளைச் சொந்த சர்வர்களில் நிறுவி நடத்துகிறவர்கள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பு அந்தப் பட்டியலில் ஒரு வரியும் சேர்க்கப்போவதில்லை. எப்போது வெளிவரும், எந்த இயங்குதளத்தின் மேல் ஓடும், எவ்வளவு காலம் பராமரிக்கப்படும் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்து அறிவித்துவிட வேண்டும். வசதிகள் அந்த வரம்புக்குள் எத்தனை அடங்குமோ அத்தனை போதும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இந்த மென்பொருள் பயன்படும் விதத்திலேயே இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய பிக்புளூபட்டன், ஆரம்பம் முதலே வகுப்பறைக்கென எழுதப்பட்டது. கொரோனா காலத்தில் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் தன் பள்ளிகளுக்கு மூடுல் என்ற கற்றல் மேலாண்மைத் தளத்தோடு சேர்த்து இதைத்தான் வழங்கியது. 2022-இல் வந்த மூடுல் 4.0-இல் இதற்கான இணைப்பு உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஜூம் போன்ற சேவைகளில் புதிய பதிப்பு வந்தது ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. நிறுவனம் தன் சர்வரில் மாற்றிவிட்டுப் போய்விடும். இங்கே சர்வர் கல்லூரியின் கையில் இருக்கிறது. மாணவர்களின் குரலும் முகமும் வேறெவர் கணினிக்கும் போகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பெரிய பதிப்பும் அந்தக் கல்லூரியில் யாரோ ஒருவருடைய தலையில் விழும் வேலை.

அந்த வேலை லேசானதல்ல. பழைய சர்வரிலேயே உபுண்டு இயங்குதளத்தை உயர்த்தி, அதன் மேல் புதிய பிக்புளூபட்டனை ஏற்றுவதைத் திட்டத்தின் ஆவணங்களே பரிந்துரைப்பதில்லை. புதிய சர்வர் ஒன்றை எழுப்பி அதற்கு மாறச் சொல்கின்றன. அந்தப் புதிய சர்வருக்கு 8 சிபியு கோர், 16 ஜிபி நினைவகம், வகுப்புகளைப் பதிவு செய்வதென்றால் 500 ஜிபி வட்டு வேண்டும். 16384 முதல் 32768 வரையிலான யுடிபி போர்ட்டுகளைத் திறந்துவிடச் சொல்லி நெட்வொர்க் பிரிவுக்கு எழுத வேண்டும். பல கல்வி நிலையங்களில் இந்த ஒரு கடிதமே வாரக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும். பிறகு பழைய பதிவுகளை நகர்த்த வேண்டும், மூடுலில் முகவரியையும் ரகசியச் சாவியையும் மாற்ற வேண்டும், சோதனை வகுப்பு நடத்திப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பழைய சர்வரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் சில மாதங்களுக்கு வாடகை இரட்டிப்பு. நீண்ட விடுமுறையை விட்டால் இதைச் செய்ய வேறு காலம் இல்லை.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். 2.2 பதிப்பு உபுண்டு 16.04-இல் ஓடியது. அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது, 18.04-இல் ஓடும் 2.3 அதே ஆண்டில்தான் வந்தது. 2.7 ஓடிய 20.04-க்கான ஆதரவு 2025 மே மாதம் முடிந்தது, 22.04-இல் ஓடும் 3.0 வந்ததும் அதே 2025-இல். இரண்டு முறையும் வகுப்பு நடக்கும்போதே மாறு, அல்லது பாதுகாப்புத் திருத்தம் வராத சர்வரில் விடுமுறை வரை ஓட்டு என்ற இக்கட்டில் பலர் சிக்கினர். நடுவில் ஒரு முறை நிலைமை நன்றாக இருந்தது: 20.04-க்கு மாறிய 2.5 பதிப்பு 2022-இல் வந்தது, 18.04-இன் ஆதரவு 2023 மே வரை நீடித்தது. அந்த இடைவெளியைத்தான் விதியாக்கச் சொல்கிறோம். அடிப்படை இயங்குதளத்தின் ஆதரவு முடியும் நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் பின்னோக்கி எண்ணி, அதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிட வேண்டும். பன்னிரண்டு என்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை மே மாதம். ஜெர்மனியில் ஜூலையை ஒட்டி. ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரி. முழு ஓராண்டு இருந்தால்தான் எல்லா நாட்டுக்கும் ஒரு நீண்ட விடுமுறை உள்ளே வரும். 22.04-இன் ஆதரவு 2027-இல் முடிகிறது. 2026-இன் முதல் பாதிக்குள் புதிய பதிப்பு எட்டாது என்றால், வசதி எதுவும் கூட்டாமல் 3.0-ஐயே 24.04-இல் ஓடும்படி ஆக்கித் தந்தாலும் எங்களுக்குப் போதும்.

"தயாரானதும் வெளியிடுவோம், தேதிக்காகத் தரத்தைக் கைவிட மாட்டோம்" என்பது கட்டற்ற மென்பொருள் உலகில் மதிப்புள்ள கொள்கை. அதை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் தேதி நின்று வசதி விலகினால் தரம் ஏன் குறைய வேண்டும்? முடியாத வசதி அடுத்த வண்டியைப் பிடிக்கட்டும். மூடுல் ஆண்டுக்கு இரண்டு முறை நாள் குறித்து வெளியிடுகிறது. 2024 அக்டோபரில் வந்த 4.5-ஐ நீண்டகால ஆதரவுப் பதிப்பாகவும் அறிவித்தது. நாள் தவறாத உபுண்டுகூட 2006-இல் ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஜூனுக்குத் தள்ளியது. சொல்லிவிட்டுத் தள்ளினால் யாரும் குறை சொல்வதில்லை. பிக்புளூபட்டனின் சொந்த வரலாறும் எங்கள் பக்கமே பேசுகிறது. அதன் பழைய கிளையன்ட் ஓடிய ஃபிளாஷ் 2020 முடிவில் நிற்கும் என்று அடோபி 2017-லேயே அறிவித்தது; அந்தக் கெடுவுக்குள் எச்டிஎம்எல்5 கிளையன்ட் தயாராகிவிட்டது.

உபுண்டு புரோ சந்தாவில் ஆதரவு கூடுதல் ஆண்டுகளுக்குக் கிடைக்கிறதே, அவசரம் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். தனிநபருக்கு ஐந்து இயந்திரம் வரை அது இலவசம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு அப்படியில்லை. தவிர, ஒலிக்கான ஃப்ரீஸ்விட்ச், காணொளிக்கான மீடியாசூப் போன்றவற்றைப் பிக்புளூபட்டனே தன்னோடு கொண்டுவருகிறது. அவற்றுக்கான திருத்தங்களைத் திட்டம்தான் தர வேண்டும். டாக்கருக்குள் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பதும் பாதி உண்மைதான்: உள்ளே இருக்கும் உபுண்டுவுக்கும் வயதாகும். போட்டி நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவால் கூட்டக் குறிப்பு எழுதித் தரும்போது நாம் பின்தங்கிவிட மாட்டோமா என்ற கவலை நியாயமானது. 3.0 அதற்கு வழி திறந்துவிட்டது. அதில் வந்த செருகுநிரல் அமைப்பால், அத்தகைய வசதிகளை மையப் பதிப்புக்குக் காத்திராமல் தனியே எழுதிச் சேர்க்க முடியும். மீட்டியரையும் மாங்கோடிபியையும் எடுத்துவிட்டு போஸ்ட்கிரெஸ், கிராஃப்க்யூஎல் என்று அடித்தளத்தையே மாற்றிய பதிப்பு அது. அப்படியொரு மாற்றத்துக்குப் பிறகு ஒரு சுற்று நிதானமாகப் போவதில் தவறில்லை.

காசு கொடுக்காதவர்கள் கெடு வைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. கூச்சத்தோடுதான் பதில் சொல்கிறோம். கேட்பதோடு நிற்கமாட்டோம். முன்னோட்டப் பதிப்பு வந்ததும் எங்கள் உறுப்பினர்கள் உண்மையான வகுப்புச் சுமையோடு சோதித்து, பிழைகளைத் திரும்பச் செய்து காட்டும் வழிமுறையோடு பதிவு செய்வார்கள். டிரான்ஸிஃபெக்ஸில் தமிழ் மொழிபெயர்ப்பை நிறைவு செய்வதிலும் பங்கேற்போம். அதற்கு வெளியீட்டுக்கு முன் திரைச்சொற்கள் மாறாத சில வாரங்களை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். சொந்த சர்வரில் பிக்புளூபட்டன் நடத்தும் மற்ற நிறுவனங்கள், உங்கள் விடுமுறைக் காலம் எது, இப்போது எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்ற இரண்டு விவரங்களை மட்டும் திட்டக் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள்.