உரிமம் இருக்கிறது, டாக்சி எங்கே?

சிங்கப்பூரில் கிராப்கேப் என்ற புது நிறுவனத்துக்கு 2025 ஏப்ரலில் டாக்சி நடத்தும் உரிமம் கொடுத்தாயிற்று. மூன்று ஆண்டுக்குள் 800 வண்டிகள் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. வண்டி கூடினால் டாக்சித் தட்டுப்பாடு தீரும் என்று நினைத்தவர்கள், அதை ஓட்டப்போவது யார் என்று கேட்டார்களா?

2014-இல் 28,000-க்கும் மேல் டாக்சிகள் ஓடின. இன்று 14,000-கூட இல்லை. ஆனால் டாக்சித் தொழில் உரிமம் வைத்திருப்போர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஆளுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். அந்த எண்ணைத்தான் நம்பக் கூடாது என்கிறோம்.

டாக்சி உரிமம் உள்ளவர் தனியார் வாடகைக் காரையும் ஓட்டலாம். தனியார் வாடகைக் கார் உரிமம் மட்டும் உள்ளவர் டாக்சியைத் தொட முடியாது. ஆகவே, டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகைக் காரில் ஏறியவர் பழைய உரிமத்தை விடமாட்டார். விட வேண்டிய தேவையும் இல்லை. ஓட்டுவதையே நிறுத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று உரிமத்தைப் புதுப்பித்து வைத்திருப்பவரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார். வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் இன்னொருவருக்கு மாற்றாக ரிலீஃப் ஓட்டுபவருக்கும், நாள் முழுக்கச் சக்கரத்தின் முன் இருப்பவருக்கும் அங்கே ஒரே மதிப்பு. உரிமம் வைத்திருப்பவர் வேறு, டாக்சி ஓட்டுபவர் வேறு. இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் வரை எந்தத் திட்டமும் நிற்காது. புது நிறுவனத்தின் வண்டிகளுக்கும் இதே பட்டியலிலிருந்துதான் ஆள் வர வேண்டும். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது கூடுதல் ஆகாது.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நின்று பாருங்கள். தேக்கா சந்தையிலும் முஸ்தஃபா கடையிலும் வாங்கிய பைகளோடு, செயலி பழகாத பாட்டிமார்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சாலையில் கைகாட்டுபவரை ஏற்றிக்கொள்ள டாக்சிக்கு மட்டுமே அனுமதி. கடந்துபோகும் வாடகைக் கார்கள் எத்தனை இருந்தாலும் அவர்களுக்கு இல்லாதவைதாம்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு மனிதரை விடுவது போக்குவரத்து அதிகாரிகளுக்குப் புதிதன்று. 2013-இல், ஒவ்வொரு நிறுவனத்தின் டாக்சிகளில் பெரும்பகுதி நாளுக்கு 250 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும் என்று விதித்தார்கள். பயணி ஏறாவிட்டாலும் கிலோமீட்டர் ஏறும். ஓட்டுநர்கள் எண்ணெயை எரித்து வெறும் வண்டியைச் சுற்றினார்கள். அந்த விதியைக் கைவிட 2017 வரை ஆயிற்று. இதற்கிடையே, பயணச் செயலிகளான ஊபரும் கிராப்பும் 2013-லேயே வந்துவிட்டன. அவற்றில் வாடகைக் கார் ஓட்டுவோருக்கு உரிமம் கட்டாயமானது 2017 ஜூலையில். டாக்சிக்காரர் 60 மணி நேரம் பாடம் படித்துக்கொண்டிருந்த அந்த நான்கு ஆண்டுகளும் மற்றவர் எதுவும் படிக்காமலே ஓட்டினார். அதன் பிறகுதான் டாக்சிப் பாடத்தை 25 மணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் ஏன் போனார்கள் என்று அன்றே காதுகொடுத்திருந்தால், இன்று புது நிறுவனத்தைத் தேட வேண்டியிருக்காது.

அதே தவற்றை மறுபடி செய்ய விடக் கூடாது. உண்மையில் டாக்சி ஓட்டுவோர் யார், எத்தனை மணி நேரம் என்பதை மக்களுக்குப் புரியும்படி பிரித்துக் காட்டுங்கள். ஓட்டுநர்களை அழைத்துப் பேசுங்கள். டாக்சியில் மீண்டும் உட்காரத் தக்க பிழைப்பாக அதை மாற்ற வழி காணுங்கள். 800 வண்டிகளும் சாலைக்கு வரும் முன்பே இது நடக்க வேண்டும்.