உழைச்செல்வார்க்கும் உரிமை வேண்டும்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் நிறைவுக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வாரையும் வள்ளுவர் சேர்த்தெண்ணினார். அந்த நான்காமவரின் உரிமை பற்றியே ஈண்டுச் சிந்திக்க வேண்டியுள்ளது.

தீராத நோயின் துன்பத்தைத் தணித்து, எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்கத் துணைநிற்பதே வலிதணிப்பு மருத்துவம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், செவிலியர் இல்லந்தோறும் சென்று இப்பணியை ஆற்றுகின்றனர். புண்ணைத் துடைத்துக் கட்டுபவரும், வலியின் ஏற்ற இறக்கத்தை நேரிற் காண்பவரும் அவர்களே. ஆயினும், புற்றுநோயாளியின் வலி முற்றும்போது மார்ஃபின் மருந்தை எழுதித்தரும் உரிமை அவர்களுக்கு இல்லை.

வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபினைப் பொதுவாக நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை தர வேண்டும். வலிக்கேற்ப அளவை மாற்ற வேண்டும். மலச்சிக்கலுக்கும் உடன் மருந்து தர வேண்டும். மணமேல்குடிக் கடற்கரையிலோ பொன்னமராவதிப் பக்கத்துச் சிற்றூரிலோ படுக்கையில் கிடப்பவர், ஒவ்வொரு மாற்றத்திற்கும் மருத்துவரைத் தேடி வண்டி பிடித்துச் செல்ல இயலுமா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மார்ஃபின் அரிதாயிற்று. 2014இல் வந்த திருத்தம் அக்கட்டினைத் தளர்த்தியது. மருந்துக்கு வழி திறந்த பின்னும் அதனை எழுதுங்கை ஒன்றாகவே இருந்தால் பயன் முழுமையாகுமா? உகாண்டா நாடு, தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் மார்ஃபின் எழுத 2004இலேயே சட்டவழி இசைவளித்தது. பிரித்தானியாவிலும் தகுதிபெற்ற செவிலியர் 2012 முதல் இத்தகைய மருந்துகளை எழுதி வருகின்றனர்.

போதைப் பழக்கத்திற்கு இஃது இடந்தருமே என்பர் சிலர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. அதனாற்றான் எல்லாச் செவிலியர்க்கும் எல்லா மருந்துக்கும் உரிமை கேட்கவில்லை. தனிப்பயிற்சியும் தேர்வும், வரையறுத்த மருந்துப் பட்டியலும், பிழையற்ற பதிவேடும், மருத்துவரின் மேற்பார்வையும் அமைந்த உரிமையையே வேண்டுகிறோம். மருத்துவர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாகவும் இஃது ஆகிவிடலாகாது. கூடுதற் பொறுப்பை ஏற்கும் செவிலியர்க்கு ஏற்ற ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தல் வேண்டும்.

1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது அயரா முயற்சியாலேயே 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் உருவாயிற்று. அவர் பிறந்த மண்ணில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. செவிலியர்க்கான இத்தனிப்பயிற்சியை அங்கே தொடங்கினால் அது பொருத்தமன்றோ? நோயைத் தீர்க்க இயலாத இடத்திலும் வலியைத் தீர்க்க இயலும். இயன்றதைச் செய்யாது விடுதல் அறமாகாது. அறிஞரும் ஆள்வோரும் இதனைச் சிந்திப்பாராக!