சொந்த வானத்துக்கு ஒரு பட்டியல்

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலக மேஜைகளில் டைரிகள் குவிந்துவிடும். வங்கி கொடுத்தது, நகைக்கடை கொடுத்தது, பெயர் தெரியாத ஏதோ ஓர் உரக் கம்பெனி கொடுத்தது. டைரி இலவசம்தான். அதன் முதல் பக்கத்தில் எழுதிவைக்கும் தீர்மானங்களுக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் தீர்மானங்களில் உடம்பு இளைப்பது, சர்க்கரையைக் குறைப்பது எதுவும் கிடையாது. எல்லாமே வானம் பற்றியவை. பொழுதுபோக்காக வானம் பார்ப்பவள் நான். வைட்டிலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடி, ஒரு பைனாகுலர், பழைய விலைக்கு வாங்கிய நான்கரை அங்குலத் தொலைநோக்கி. இவ்வளவுதான் என் சொத்து.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டைரியின் முதல் பக்கத்தில் ஒரே வரி எழுதினேன்: ‘மெஸ்ஸியே பட்டியல் 110-ஐயும் பார்த்து முடிப்பது.’ உலகம் முழுவதும் வானம் பார்ப்பவர்கள் முதலில் வைத்துக்கொள்ளும் இலக்கு இதுதான். விண்மீன் கொத்துகள், வாயு மண்டலங்கள், தொலைதூரப் பால்வெளிகள் என்று 110 பொருட்கள். டிசம்பர் 31 அன்று கணக்குப் பார்த்தேன். பதினான்கு.

காரணம் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வைட்டிலா சந்திப்பு இரவிலும் உறங்காது. பேருந்து, மெட்ரோ, 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட மேம்பாலம் எல்லாவற்றின் வெளிச்சமும் மேலே போய் வானத்தில் சாம்பல் பூசிவிடுகிறது. போதாதற்கு மழை. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் மாலை இடியும் மின்னலும். வானம் ஓரளவு தெளிவது டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. அதிலும் நிலா பெரிதாக இருக்கும் நாட்களைக் கழித்துவிட வேண்டும். காயல் பக்கமிருந்து எழும் பனிமூட்டத்தைக் கழிக்க வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகும் இரவுகளைக் கழிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது முப்பது நாற்பது இரவுகள்.

ஆனால் உண்மையான தவறு வேறு இடத்தில் இருந்தது. அது பிடிபட எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சார்ல் மெஸ்ஸியே 18-ம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த வால்நட்சத்திர வேட்டைக்காரர். வால்நட்சத்திரம் போலவே மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும் பொருட்களை, இவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகக் குறித்து வைத்தார். 1781-ல் வெளிவந்த பட்டியலில் 103 பொருட்கள். பிற்பாடு வந்தவர்கள் 110 ஆக்கினார்கள். அவர் ஒதுக்கிவைத்ததைத்தான் நாம் இன்று தேடி ஓடுகிறோம் என்பது வேடிக்கை. அதைவிட முக்கியம், அது பாரிஸ் வானத்தின் பட்டியல் என்பது. ஒமேகா சென்டாரி என்று ஒரு பெரிய விண்மீன் கொத்து இருக்கிறது. அந்த வகையில் வானத்திலேயே மிகப் பிரகாசமானது அதுதான். இருண்ட இடத்திலிருந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துணுக்கு மாதிரித் தெரியும். மெஸ்ஸியே பட்டியலில் அது இல்லை. பாரிஸில் அது உதிப்பதே கிடையாது. பத்து டிகிரி வடக்கில் இருக்கும் கொச்சியிலோ தெற்கு அடிவானத்துக்கு மேல் முப்பது டிகிரிக்கு ஏறி நிற்கிறது. எனக்கு எளிதாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, கிடைக்காததன் பின்னால் ஓர் ஆண்டு அலைந்திருக்கிறேன்.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்பவள் இதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கட்டுரைகளில், சூரியன் எட்டிப் பார்த்தது, ஊரே மகிழ்ந்தது என்று வரும். அதை அப்படியே தமிழில் எழுதி சித்திரை மாதத்தில் அச்சிட்டால் வாசகர் சிரிப்பார். சொல்லைப் பெயர்த்தால் போதாது, வெயிலையும் பெயர்க்க வேண்டும். என் இலக்கை நான் பாரிஸிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து எழுதியிருந்தேன்.

அப்படியானால் நம் ஊரில் நின்று வானம் பார்த்தவர்கள் என்ன இலக்கு வைத்திருந்தார்கள்?

கொச்சிக்கு வடக்கே, நிளா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஆலத்தியூரில் வாழ்ந்தவர் வடசேரி பரமேசுவரன். பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்கு சொன்ன நேரத்துடன் ஒப்பிட்டுக் குறித்தவர். பார்த்ததும் கணக்கும் ஒத்துவராதபோது கணக்கைத் திருத்தினார். அப்படி 1431-ல் அவர் வகுத்ததுதான் ‘த்ருக்கணிதம்’. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இருப்பதும் அதே சொல்தான். அந்தத் ‘திரு’ மரியாதைக்குப் போட்ட அடைமொழி என்றுதான் தமிழ் எம்.ஏ. முடித்த பிறகும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ‘த்ருக்’. பார்வை என்று பொருள்.

இன்னொருவர் நமக்கு அருகில் வருகிறார். ராதாகோவிந்த சந்திரா, இன்றைய பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸூர்க்காரர். மூன்று முறை பள்ளி இறுதித் தேர்வில் தோற்று, அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தவர். 1912-ல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் புதிதாகப் பிரகாசித்த ஒரு விண்மீனை வெறும் கண்ணால் தாமாகவே கவனித்தார். அதன் பிறகு அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர் சங்கத்துக்குத் தம் குறிப்புகளை அனுப்பத் தொடங்கினார். சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாகக் கொடுத்தது. 1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். அந்தத் தொலைநோக்கி பின்னர் வேணு பாப்புவிடம் போய், கடைசியில் நம் காவலூர் வான் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

37,000 என்றால் மலைப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 35 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்குச் சராசரி மூன்று குறிப்பு. வங்காளத்திலும் மழை உண்டு, அவருக்கும் காலையில் அலுவலகம் உண்டு. வானம் திறந்த இரவில் மேலே போனார், பார்த்ததை எழுதினார். எத்தனை அதிசயம் பார்த்தேன் என்ற கணக்கு அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

எழுதுவது என்று சொல்லும்போது, நான் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2020 ஜனவரியில் திருவாதிரைக்கு அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். களி தின்ற சில நாள் கழித்து, இரவு எட்டு மணி வாக்கில் மொட்டை மாடிக்கு வந்தார். கிழக்கே பார்த்தவர், “ஏம்மா, திருவாதிரை ஏன் இப்படி மங்கிக் கிடக்கு?” என்றார். திருவாதிரை என்று நாம் சொல்லும் மீனைத்தான் மேல்நாட்டார் பெடல்ஜியூஸ் என்கிறார்கள்.

“உங்க கண்ணுல புரை விழுந்திருக்குப்பா. போன மாசமே டாக்டர் சொன்னாரே” என்றேன்.

“அதில்லம்மா, ரோகிணி நல்லாத்தானே தெரியுது” என்றார். நான் கீழே போய்விட்டேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது.

பிப்ரவரியில் ஓர் அறிவியல் செய்தி மொழிபெயர்ப்புக்காக என் மேஜைக்கு வந்தது. 2019 இறுதியிலிருந்தே பெடல்ஜியூஸ் மங்கி வருகிறது, பல பத்தாண்டுகளில் இவ்வளவு மங்கியதில்லை என்றது செய்தி. வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாக இருக்கும் மீன், அருகிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த விண்மீன் வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசுப் படலமாகி ஒளியை மறைத்தது என்று பிற்பாடு விளக்கினார்கள். பாதி பத்தியில் கை நின்றுவிட்டது. புரை விழுந்த கண் எல்லா விண்மீனையும் மங்கலாக்கும். ஒன்றை மட்டும் எப்படி மங்கலாக்கும்? ரோகிணியோடு ஒப்பிட்டு அப்பா சொன்னதுதான் மாறு விண்மீன் பார்க்கும் முறையே. எழுபத்தெட்டு வயதில், புரை விழுந்த கண்ணால், அவர் சரியாகப் பார்த்தார். தொலைநோக்கி வைத்திருந்த நான் பார்க்கவில்லை.

அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “நான் சொன்னேன்ல” என்று சிரித்தார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. அவர் அதைச் சொன்னது எந்தத் தேதி? பொங்கலுக்கு முன்பா, பின்பா? தெரியவில்லை. தேதி போட்டு ஒரு வரி எழுதியிருந்தால் அது ஒரு வானியல் குறிப்பு. இப்போது அது வீட்டுக் கதை.

அதனால் இந்த முறை பட்டியலை வைட்டிலா வானத்துக்குப் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். ஐந்தே ஐந்து.

ஒன்று: வாரம் ஒரு முறை திருவாதிரை. ரோகிணியைவிட மேலா கீழா, பெல்லாட்ரிக்ஸிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு வரி. தொலைநோக்கி வேண்டாம், மேம்பால விளக்கும் தடுக்காது. இரண்டு எச்சரிக்கை: அடிவானத்துக்கு அருகில் எந்த மீனும் மங்கித்தான் தெரியும், எனவே ஏறக்குறைய சம உயரத்தில் இருக்கும்போது ஒப்பிட வேண்டும். சிவப்பு மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும், பார்வையை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மே இறுதியில் அது அந்தி வெளிச்சத்தில் மறைந்துவிடும். மழையும் அப்போதுதான் வரும். இருவருக்கும் விடுமுறை.

இரண்டு: ஏப்ரல் 16-ஐ ஒட்டி, விஷு முடிந்த கையோடு, கொச்சியில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சுமார் 12.25 மணிக்கு நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. சென்னையில் இது ஏப்ரல் 24-ஐ ஒட்டி. ஆகஸ்டு கடைசி வாரத்தில் கொச்சிக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு, மேகம் விட்டால். முன்னும் பின்னும் மூன்று நாள் நிழலை அளந்து எழுதுவது.

மூன்று: ஏப்ரல் அமாவாசையை ஒட்டி ஒரே ஓர் இரவு மூணாறு மலைப்பக்கம். தென்சிலுவை, ஒமேகா சென்டாரி. மெஸ்ஸியே பார்க்காததைப் பார்ப்பது.

நான்கு: டிசம்பர் 13 இரவு ஜெமினிட் எரிமீன்கள். ஒரு மணி நேரம், எண்ணிக்கை மட்டும். வைட்டிலாவில் மூன்றுதான் விழுந்தது என்றால் மூன்று என்று எழுதுவது.

ஐந்து: மழை மாதங்களில் நோட்டைச் சுத்தமாகப் படியெடுப்பது. மேகம் மூடிய இரவையும் ‘மேகம்’ என்று எழுதியிருக்க வேண்டும். பார்க்க முடியவில்லை என்பதும் பார்க்க மறந்தேன் என்பதும் வெவ்வேறு என்று அந்த ஒரு சொல்தான் பிரித்துச் சொல்லும்.

முன்பு வைத்த இலக்கை வானம்தான் நிறைவேற்ற வேண்டியிருந்தது. இந்த ஐந்தில் வானம் ஒத்துழைக்காவிட்டாலும் என் பங்கை நான் செய்துவிட முடியும். மொட்டை மாடிக்கு ஏறுவதும் தேதி போடுவதும் என் கையில்தான் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய பிறகு கண்ணுக்கு எத்தனை டிசம்பர் பாக்கி என்ற கணக்கும் லேசாக மனதில் ஓடுகிறது. அப்பாவுக்கு விழுந்த புரை எனக்கும் ஒருநாள் விழலாம். அப்போதும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மீன்கள் போதும்.

உங்களுக்கும் ஒரு டைரி வந்திருக்கும். பட்டியல் எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மாடிக்கோ முற்றத்துக்கோ போய், உங்கள் ஊரில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது உடன் வந்தால், அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சரியா தவறா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.