படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?



“எப்பப் பாரு படம்தான்! படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?” என்று வீட்டில் யாராவது உங்களைக் கேட்டதுண்டா? ராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளைகள் குறைவு. உழைத்துக் களைத்த அப்பா, அம்மாவின் கவலை அது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் சொல்லுங்கள்!

சென்னைத் துறைமுகத்துக்கு அருகே பிராட்வே இருக்கிறதல்லவா? அங்கேதான் 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அரசு அதை ஏற்று நடத்த முன்வந்தது. அங்கே படத்தோடு மண்பாண்டம், மரவேலை, உலோக வேலையும் கற்றுக் கொடுத்தார்கள். கையில் கலை இருந்தால் தொழிலும் இருக்கும் என்பதுதான் காரணம். அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூர் அருகே உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி!

அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு பேர் பெரிய பாறையை நகர்த்தும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அது அவர் செய்ததுதான். 1959-ல் நிறுவப்பட்டது. இந்தச் சிலைக்கு அவர் ராஜாவையோ ராணியையோ தேடிப் போகவில்லை. வியர்வை சிந்தும் மனிதர்களைச் சிலையாக்கினார். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் உங்கள் அப்பா, மாமா போன்றவர்கள்தான் அவர்கள்!

நீங்கள் உடுத்தும் துணியின் டிசைன், டீ குடிக்கும் கோப்பையின் வடிவம், பிஸ்கட் பாக்கெட்டின் படம் எல்லாமே யாரோ ஒருவர் வரைந்தவைதான். அதற்கு அவருக்குச் சம்பளமும் உண்டு. துணி வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு, ஓவியம், சிற்பம் எல்லாம் அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்புகள். ஆனால் ஒன்று... பிளஸ் டூ தேறினால்தான் அங்கே சேர முடியும். ஆகவே கணக்கையும் அறிவியலையும் கைவிட்டு விடாதீர்கள்!

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் ஓவியம், இசை, நடனம் கற்கலாம். எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இந்த விடுமுறை நாளில் ஒரு வேலை செய்யுங்கள். காசிமேட்டில் கிழிந்த வலையைச் சரிசெய்யும் தாத்தாவின் விரல்களைக் கவனித்து வரையுங்கள். வேறு ஊரா? உங்கள் தெருவில் உழைக்கும் ஒருவரை வரையுங்கள். வரைந்ததை முதலில் அவரிடமே காட்டுங்கள். பிறகு அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள்.

அந்தக் கேள்விக்கு அதுதான் உங்கள் முதல் பதில்!

அன்புடன்,
ஆசிரியர்